விடு

அந்த வீட்டில் எது கீழே விழுந்தாலும் யாரும் பிடிக்கப் போக மாட்டார்கள். டம்ளரோ தட்டோ சாவிக்கொத்தோ, கை தவறியது என்றால் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போய் நிற்பார்கள். விழுந்தது விழுந்து, உருண்டு, அடங்கின பிறகுதான் குனிவார்கள். முதல்முறை வருகிற விருந்தாளி, போலீஸ்தான் வந்துவிட்டதோ என்று வாசலைத் திரும்பிப் பார்ப்பார்.

கீழே கண்ணாடிக் கடை, மேலே குடித்தனம். கடையிலிருந்து படியேறி வந்த பழக்கம் அது. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மேசைக்கு என்று ஆள் உயர ஷீட்டுகளைத் தூக்கி வைத்து அறுக்கிற வேலை. நழுவுவதைப் பிடிக்கப் போவது கையின் இயல்பு. அந்த இயல்பைக் கொன்றால்தான் இந்தத் தொழிலில் கை மிஞ்சும். கண்ணாடிக்காரரோடு ஆரம்பத்தில் கூட்டுச் சேர்ந்திருந்தவர் ஒருமுறை பிடிக்கப் போனார். அன்றிலிருந்து இடது கையால்தான் சாப்பிடுகிறார். அதனால் கடையில் ஒரே சட்டம். நழுவுவதை முதலில் பார்த்தவர் "விடு!" என்று கத்த வேண்டும். கேட்டவர் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் விட வேண்டும். கையைத் தூக்க வேண்டும். ஓரடி பின்னால் போக வேண்டும். இதில் முதலாளி, கூலியாள் வித்தியாசம் கிடையாது.

இதை வைத்து அந்த வீட்டில் ஒரு கதை உண்டு. கண்ணாடிக்காரர் மனைவிதான் சொல்வாள். பெரியவன் பள்ளிக்கூடம் சேர்ந்த அன்று சொன்னாள், முதல் பல் விழுந்த அன்று சொன்னாள், மீசை அரும்பினபோது அவன் கூச்சப்படக் கூச்சப்படச் சொன்னாள். வீட்டுக்கு யார் வந்தாலும் டீயோடு சேர்ந்து அந்தக் கதையும் வரும்.

"இவன் மொதமொதல்ல நடந்த அன்னைக்கு என்னாச்சு தெரியுமா? செவுத்தப் பிடிச்சிட்டு நின்னவன், அப்பனப் பாத்ததும் தத்தக்கா பித்தக்கான்னு எட்டு வெச்சு வர்றான். இவரு ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. வா ராஜா வா ராஜான்னு கொஞ்சல் வேற. பிள்ள கிட்ட வந்து தடுமாறுது. நம்மாளு என்ன பண்ணணும்? டக்குனு எந்திரிச்சு, கையத் தூக்கிட்டு, ஓரடி பின்னால போய் நின்னுட்டாரு! பிள்ள மூக்கு தரையில. நான் அடுப்படியில இருந்து பதறி ஓடியாறேன். இவரு சாவகாசமா, 'உடையலடி, உடையல'ங்கறாரு!"

கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கண்ணாடிக்காரரும் சிரிப்பார். "பழக்கதோஷம்மா, என்ன பண்றது" என்று தலையைச் சொறிவார். எத்தனை தடவை சொன்னாலும் அந்த "உடையலடி" வரும் இடத்தில் பெரியவன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொள்வான்.

கடைக்கு முன்னால் பெயர்ப்பலகை. அதில் கண்ணாடிக்காரர் பெயருக்குப் பக்கத்தில் "அண்ட் சன்" என்று எழுதியிருக்கும். மகன் பிறந்த வாரமே எழுத வைத்துவிட்டார். தலை நிற்காத குழந்தைக்கு அதற்குள் தொழில் நிச்சயமாகிவிட்டது. அடுத்துப் பிறந்த சின்னவள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்ததும் பலகைக்குக் கீழே நின்று படித்தாள்.

"அப்பா, இதுல நான் எங்க?"

"நீ உள்ள இருக்கடா. கல்லாவுல!" என்று அவளைத் தூக்கிக் கல்லாப்பெட்டிமேல் உட்கார வைத்தார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை.

கண் அவளுக்குத்தான் இருந்தது. ஒரு ஜன்னலைப் பார்த்தே அளவு சொல்வாள். கண்ணாடி அறுக்கும் கட்டரை இழுக்கும்போது வரும் சத்தத்தைக் கேட்டு, "அப்பா, இது கோணலா உடையும்" என்பாள். உடையும். ஆனால் கண்ணாடியைத் தொட விட மாட்டார்கள். பெண்பிள்ளை முகத்தில் கீறல் விழுந்தால் நாளைக்கு எவன் கட்டுவான் என்று தாயும் தாய்மாமனும் சேர்ந்து விரட்டுவார்கள். மாமன் தாய்க்குத் தம்பி. கடையில் சுமையேற்றி, வண்டி ஓட்டி, சட்டத்தில் கண்ணாடியை ஒட்டப் பட்டி பிசைந்து எல்லாம் செய்கிற ஆள். அவனும் அவளைப் பார்த்தால், "ஏ, தள்ளிப் போ" என்பான். தள்ளிப் போய்ப் போய்த்தான் அவள் காலேஜ் போய்ச் சேர்ந்தாள். தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் முதல் பட்டம் அவளுடையது. ஊரெல்லாம் அதைப் பெருமை என்றார்கள். பெருமையெல்லாம் அப்புறம் வந்தது. அவளை வேறு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை, படிக்க விட்டார்கள்.

பெரியவனுக்கு இருந்தது கை. தெருக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பந்து அவன் கைக்குப் போனால் ஒட்டிக்கொள்ளும். அதனால் வெளியே எல்லாருக்கும் அவன் "பசை". பரீட்சை சரியாக வரவில்லை. கடையின் முன்பக்கத்தில் ஒரு ஓரமாகப் போன் ரிப்பேர் மேசை போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தான்.

"பலகையில என்ன எழுதியிருக்கு?" என்றார் அப்பா.

"அதை நானா எழுதினேன்?"

"உனக்காகத்தான்டா எழுதினேன். மொதல்ல கண்ணாடியக் கத்துக்க. அப்புறம் போனோ பேனோ, எதையாச்சும் பண்ணு."

அவன் அன்றே கடைக்குள் வந்துவிடவில்லை. முறைத்தான், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தான், அம்மாவிடம் தூது விட்டான். கடைசியில் வந்தான். வேறு எங்கே போவான்?

வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது, அவன் கைதான் அவனுக்கு எமன் என்று. உடைந்த விளிம்புத் துண்டு ஒன்று மேசையிலிருந்து நழுவியபோது, பாய்ந்து அதைப் பிடித்துவிட்டான். கையில் ஒரு கீறல் இல்லை. "எப்படி!" என்று பிடித்ததைத் தூக்கிக் காட்டினான். அப்பா வந்து கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். அவன் வளர்ந்த பிறகு விழுந்த ஒரே அடி.

அதற்குப் பிறகு வீடே பயிற்சிக் கூடம் ஆனது. சாப்பிடும்போது சும்மா இருக்கிற கரண்டியைக் கண்ணாடிக்காரர் முழங்கையால் தட்டிவிடுவார். பெரியவன் கை பறந்து போய்ப் பிடிக்கும்.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சிட்டேன்."

"கை போச்சு. இன்னைக்கு இடது கையால சாப்பிடு."

"ஏங்க, கரண்டி எந்தக் கையங்க வெட்டுது?" என்பாள் அம்மா.

"கைக்குக் கரண்டியும் தெரியாது, கண்ணாடியும் தெரியாது. அது முந்திக்கும். அந்த முந்தலத்தான் எடுக்கணும்."

"எடுங்க எடுங்க. எம்பிள்ள கையில இருந்து எடுக்கறதுக்குள்ள எஞ்சாமான் ஒண்ணு மிஞ்சாது."

தக்காளி விழுந்தது. மூடி விழுந்தது. சோப்பு விழுந்தது. ஒருநாள் குளித்துவிட்டு வந்தவன்மேல் மாடிப்படியிலிருந்து மாமன் தலையணையைப் போட்டான். பெரியவன் மார்போடு அணைத்துப் பிடித்தான். "செத்தான்" என்றார் கீழே இருந்த அப்பா, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல். சின்னவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். சொல்லப்போனால் அந்த வீடு அவ்வளவு சிரித்தது அந்த நாட்களில்தான்.

பிறகு அந்தப் பந்தயம் வந்தது. மைதானத்தைச் சுற்றி ஆட்கள். ஆட்டம் முடிகிற நேரம், இரண்டு பக்கமும் சமம். எதிரணிக்காரன் அடித்த பந்து பெரியவன் மார்புக்கு நேராக வந்தது. வேகம்கூட இல்லை. எந்தப் பிள்ளையும் பிடிக்கும். பெரியவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓரடி பின்னால் போனான். பந்து அவனைத் தொட்டு, வலைக்குள் உருண்டது.

காசு வாங்கிவிட்டாயா என்று அணியில் ஒருவன் கேட்டான். பெரியவன் வீட்டுக்கு வந்து கால் கழுவாமல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். விஷயம் கேட்ட கண்ணாடிக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். தூக்க முடியவில்லை, ஆள் உயரம். "தொழிலுக்கு வந்துட்டான்யா எம்பையன்!" என்று எதிர் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இது என்னப்பா கொண்டாட்டம்?" என்று சின்னவள் கடை வாசலிலேயே நின்று கேட்டாள். "அவனுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்க."

"பந்து சோறு போடுமாம்மா?"

"போடாது. அதுக்காக?"

"விடு பாப்பா" என்றான் பெரியவன், படிக்கட்டிலிருந்தே. "அப்பா சந்தோஷமா இருக்காரு. விடு."

அன்றைக்கு வந்தவர்களிடமும் அம்மா அந்தக் கதையைச் சொன்னாள். அப்பன் கையைத் தூக்கினான், இப்போது மகனும் தூக்கிவிட்டான் என்று கதைக்கு ஒரு வால் முளைத்திருந்தது. பெரியவன் மூக்கைத் தடவிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் ஒழுங்காக வேலை செய்தான். வாடிக்கையாளரிடம் அப்பாவைவிட நன்றாகப் பேசினான். கட்டரை இழுத்தால் கோடு சுத்தமாக வந்தது. கேட்ட போன் மேசையை அப்பாவே ஆசாரியிடம் செய்யச் சொல்லி வைத்திருந்தார்.

புதுக் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடி மாடிப்படி ஜன்னலுக்குப் பெரிய ஷீட். காலையிலிருந்து மேகம் மூடியிருந்தது. மழை இல்லை, காற்று மட்டும் விட்டு விட்டு அடித்தது. கண்ணாடிக்காரர் கட்டடத்துக்கு உள்ளே, பெரியவன் வெளியே சாரத்துப் பலகைமேல். மாமன் கீழே மண்ணில் உட்கார்ந்து பட்டி பிசைந்துகொண்டிருந்தான். ஷீட்டைச் சட்டத்துக்குள் நிறுத்தும்போது காற்று ஒரு தள்ளு தள்ளியது. மேல் விளிம்பு திரும்பியது.

"விடு!" என்று கத்தினார் கண்ணாடிக்காரர்.

பெரியவன் விட்டான். இரண்டு கைகளையும் தூக்கினான். ஓரடி பின்னால் போனான்.

பலகையில் அந்த ஓரடி இல்லை.

கத்தல் கேட்டு அண்ணாந்த மாமன் பார்த்தது இதுதான். ஜன்னலுக்கு உள்ளே அப்பா, வெளியே மகன், இருவரும் கைகளைத் தூக்கியபடி. மகனின் கைக்குப் பக்கத்தில் சாரத்துக் கம்பு. அப்பாவின் கைக்கு எட்டும் தூரத்தில் மகனின் சட்டை. நான்கு கைகளும் காற்றில் இருந்தன. முதலில் இறங்கியது அப்பாவின் கை. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஆள் இல்லை.

கண்ணாடி உள்பக்கமாகச் சாய்ந்து, சிமெண்ட் மூட்டைகள்மேல் சறுக்கி, சுவரில் சாய்ந்து நின்றது. உடையவில்லை.

வீட்டில் மாமன்தான் சொன்னான். பலகை வழுக்கிவிட்டது என்றான். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்கா முகத்தைப் பார்த்ததும் வாயில் அதுதான் வந்தது. கண்ணாடிக்காரர் மறுக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நம் பேச்சு அப்படி. "விடுங்க, என்ன பண்றது, நம்ம கையில என்ன இருக்கு" என்றார்கள். "மனச விட்டுடாதீங்க" என்றார்கள். "கடைசி வரைக்கும் கைய விடாம வளத்தீங்களே" என்று ஒரு கிழவி அழுதாள். ஒவ்வொரு 'விடு'வுக்கும் கண்ணாடிக்காரரின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. யாரும் கவனிக்கவில்லை. சின்னவள் கவனித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே, "பிள்ள மொதமொதல்ல நடந்த அன்னைக்குன்னு சொல்லுவியேடி, சிரிச்சு சிரிச்சு..." என்று ஆரம்பித்தாள். அம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்லத் திருப்பி, மூலையில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மாள் கதையை முடிக்காமலே எழுந்து போனாள்.

அதன் பிறகு அம்மா தம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவன் டீ குடிக்க மேலே வந்தால் போதும்.

"பலக எப்படிடா வழுக்கும்? மழையா பேஞ்சுது?"

"பட்டி சிந்தியிருந்துச்சுக்கா."

"பட்டி உங்கிட்டதானடா கீழ இருந்துச்சு?"

"கொஞ்சம் மேலயும் இருந்துச்சு."

"அவன் கை எங்கடா இருந்துச்சு?"

"அக்கா..."

"பக்கத்துல கம்பு இருக்கும்ல? பந்த எங்க உதைச்சாலும் பாஞ்சு பிடிக்கிற பயடா அவன். ஊரே பசைன்னு கூப்பிட்ட பய. ஒரு கம்ப பிடிக்க மாட்டானா? சொல்லுடா. கை எங்க இருந்துச்சு?"

"நான் குனிஞ்சிருந்தேன்க்கா. பாக்கல."

டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு அவன் இறங்கிப் போவான். அவள் அந்த மீதி டீயைப் பார்த்தபடி நிற்பாள். புருஷனிடம் மட்டும் கேட்கவில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், வெந்நீர் வைத்தாள். கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். பதிலோடு அந்த வீட்டில் எப்படிப் படுத்து எழுவது என்றுதான் தெரியவில்லை.

கடையை மறுபடி திறந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கண்ணாடிக்காரர் விழுவதையெல்லாம் பிடிக்க ஆரம்பித்திருந்தார்.

முதலில் வீட்டில். அம்மா கையிலிருந்து மூடி நழுவினால், அறையின் மறுகோடியிலிருந்து பாய்ந்து வருவார். கொதிக்கிற பாத்திரம் ஒன்று சரிந்தபோது இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். மணிக்கட்டு வெந்துபோனது. பிறகு கடையில். அறுத்த ஓரத்துண்டுகள் மேசையிலிருந்து கீழே வைத்த தொட்டியில் விழும், விழ வேண்டும், அதற்குத்தான் தொட்டி. அவர் ஒவ்வொன்றையும் பிடித்தார். சாயங்காலம் படியேறும்போது பத்து விரலிலும் துணி சுற்றியிருந்தது. சின்னவள் மருந்து போட்டாள்.

"அப்பா, நாளைக்கு நீங்க கடைக்கு வர வேண்டாம்."

"வேலைய யாரு பாப்பாங்க?"

"நான் பாக்கறேன்."

"நீ படிச்ச பிள்ள."

"படிச்சா கை இல்லாமப் போயிருமா?"

"கீறல் விழும்மா" என்றார்.

"விழட்டும்ப்பா. எதெது விழணுமோ விழட்டும். நீங்க பிடிக்காம இருங்க, போதும்."

அப்படித்தான் அவள் தொழிலுக்கு வந்தாள். அவளுக்கு யாரும் கரண்டியைத் தட்டிவிட்டுப் பழக்கவில்லை. யாரும் யாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கவில்லை. "ஆம்பளப் பிள்ள இல்லாத குறைக்கு இது நிக்குது" என்று வாடிக்கையாளர்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அண்ணனுக்காக அழுவதா, அவன் செத்துத்தான் தனக்கு இந்தக் கட்டர் கைக்கு வர வேண்டியிருந்ததா என்று எரிவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டையும் வேலையில் காட்டினாள். கோடு அண்ணனுடையதைவிடச் சுத்தமாக விழுந்தது. பலகையில் இருக்கிற "அண்ட் சன்"னைச் சுரண்டிவிடலாமா என்று பெயிண்டர் கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

கண்ணாடிக்காரர் கடைக்கு வராமல் இருக்கவில்லை. வந்து நிற்பார்.

"இங்க உக்காருங்கப்பா. கல்லாவுல."

உட்காருவார். எழுந்துவிடுவார். அவளும் மாமனும் சின்னச் சின்ன ஷீட்டாகவே தூக்கினார்கள். கத்துகிற தேவை வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சொல்லைச் சொல்லாமல் ஒரு நாளை ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பதிலாகச் சின்னவள் போகட்டும் என்றாள், இருக்கட்டும் என்றாள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் பேரம் படியாமல், "சரி, விடும்மா" என்று சொன்னதற்கு அவரைக் கடையை விட்டே போகச் சொல்லிவிட்டாள்.

அன்று உடையாமல் நின்ற அந்த ஷீட் கடைக்குள்தான் நின்றது. கட்டடக்காரர் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அவருக்கும் அதைப் பார்க்கப் பயம். பின்சுவர் ஓரமாகச் சாய்த்து, முன்னால் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். உடைக்கவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. அம்மா கடை வழியாக வெளியே போகும்போது அந்தச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பமாட்டாள்.

ஒருநாள் முற்பகலில் ஒரு ஆள் சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடி கேட்டு வந்தார். பெரிய அளவு. கடையில் இருந்த எதிலும் வெட்ட முடியாது.

"சொல்லி வெக்கறேன், ரெண்டு நாள் ஆகும்" என்றாள் சின்னவள்.

"அதோ அந்தச் சாக்குக்குப் பின்னால பெருசா ஒண்ணு நிக்குதே?"

"அது விக்கறதுக்கில்ல" என்றார் கண்ணாடிக்காரர், கல்லாவிலிருந்து.

"கண்ணாடிக் கடையில விக்காத கண்ணாடியா? ஏன் சார், ஓட்டையா?"

"விக்கறதுக்கில்லன்னு சொல்றேன்ல."

"கொடுத்து அனுப்பு."

படிக்கட்டிலிருந்து வந்தது குரல். அம்மா கையில் ஈரத்துணிகளோடு பாதிப் படியில் நின்றிருந்தாள்.

"அம்மா..."

"யாரு வீட்டு மேசையிலயோ போய்க் கெடக்கட்டும். அது மேல வெச்சு நாலு பேரு சோறு திங்கட்டும். எங்கண்ணு முன்னால நிக்க வேணாம். எடுத்து அறுத்துக் கொடு."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனைக் கூப்பிட்டாள். அவன் வந்து சாக்கை விலக்கினான். ஷீட்டின் விளிம்பில் காய்ந்த பட்டி இன்னும் ஒட்டியிருந்தது. அதில் ஒரு விரல்தடம். யாருடையது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

"தூக்கு மாமா."

தூக்கினார்கள். மேசைவரை பத்துப் பன்னிரண்டு எட்டு. மாமனின் எட்டு அவளுடையதோடு ஒத்துப்போகவில்லை. பாதி வழியில் ஷீட்டின் மேல் விளிம்பு ஒருபக்கமாகச் சாய்ந்தது. மாமன்தான் முதலில் பார்த்தான். இத்தனை வருஷப் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

"விடு!"

சின்னவள் விட்டாள். கைகள் தாமாகவே மேலே போயின. ஓரடி பின்னால் போனாள். மாமனும் அப்படியே. படிக்கட்டில் அம்மா கையிலிருந்த துணிகளைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கியிருந்தாள். மேசைக்குக் கண்ணாடி கேட்டு வந்தவர் மட்டும் ஒன்றும் புரியாமல் இந்தக் கைகளை மாறி மாறிப் பார்த்தார்.

கண்ணாடிக்காரர் கல்லாவைத் தாண்டி வந்து அதைப் பிடித்தார்.

முழு எடையும் அவர்மேல் இறங்கியது. முட்டி மடங்கி, தரையில் உட்கார்ந்து, ஷீட்டைத் தோளில் தாங்கி, கீழ் விளிம்பை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்தியிருந்தார். கண்ணாடி தரையைத் தொடவே இல்லை. விரல்களுக்கு இடையிலிருந்து ரத்தம் கோடாக இறங்கி முழங்கையில் சொட்டியது. அவர் அண்ணாந்து மனைவியைப் பார்த்தார். மூச்சு வாங்கியது.

"உடையலடி" என்றார். "உடையல."

அம்மா கையை இறக்கினாள். விழுந்த துணிகளை மிதித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். அவர் முன்னால் உட்கார்ந்தாள். அத்தனை நாளாகப் பூட்டி வைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது.

"இதப் பிடிக்கத் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

அவர் உதடு கோணியது.

"கண்ணாடியப் பிடிக்கத் தெரிஞ்சுதுல்ல? நல்லாப் பிடிச்சீங்கல்ல? இந்தக் கை அன்னைக்கு எங்க இருந்துச்சு? எம்புள்ள சட்டையப் பிடிக்காம எங்க இருந்துச்சுங்க இந்தக் கை?"

"அக்கா, பலக..." என்றான் மாமன்.

"நீ வாய மூடு."

"மேல இருந்துச்சு" என்றார் கண்ணாடிக்காரர். "ரெண்டு கையும் மேல இருந்துச்சு. அவன் கையும். நாந்தான் கத்தினேன். விடுன்னேன். அவன் விட்டான்." அவருக்குக் குரல் உடைந்தது. "போன் கடை வெக்கறேன்னு மொறச்சவன்டி. ஒரு சொல்லு கேக்க மாட்டான்ல எங்கிட்ட? அன்னைக்குக் கேட்டான். ஏன்னு கேக்கல, எதுக்குன்னு கேக்கல. நான் சொன்ன மாதிரியே செஞ்சான்டி. ஒரு தப்பு இல்லாம செஞ்சான்."

மேசைக்காரர் சத்தமில்லாமல் வெளியேறியிருந்தார். தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியும்" என்றாள் அம்மா.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு ஷீட்டுக்கு அடியில் கைவிட்டு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். சுண்டுவிரல் வந்தது. அதற்கு அடுத்தது வரவில்லை. இன்னும் இறுக்கினார். ரத்தம் அவள் கையிலும் இறங்கியது. இழுத்துப் பார்த்தாள், முடியவில்லை. சாய்கிற மறுகோடியை அவளே தாங்கிக்கொண்டாள். கண்ணாடியைத் தொட்டிராத கை. இப்போது விளிம்பு அவளுக்கும் ஏறியது. பிள்ளையைத் தூளியில் இட்டு இரண்டு பக்கமும் பிடித்திருப்பவர்கள் மாதிரி இருவரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டு பேருமே கையை எடுக்கவில்லை.

சின்னவள் இன்னும் கைகளைத் தூக்கியபடிதான் நின்றுகொண்டிருந்தாள். மாமன் அவளைப் பார்த்தான். கடை இப்போது அவளுடையது, சொல்ல வேண்டியவள் அவள்தான். ஒரே ஒரு சொல். கேட்டால் இரண்டு பேரும் எடுத்துவிடுவார்கள், அப்படிப் பழகிய வீடு.

அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சொல் வரவில்லை.